அவ அப்புறம் சாப்பிட்டுக்குவா

ஒரே ஒரு வேலையை மட்டும்தான் நிறுத்தி வைக்க முடியும் என்று டாக்டர் மிருதுளா சொன்னதும் சென்னியப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு எவ்வளவோ நம்பிக்கையோடு கிளம்பி வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சாந்தாமணி, மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கோ வைத்தியம் பார்க்கத் துணைக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதானுங்களா? இத்தாம்பெரிய மெஷின வெச்சுக்கிட்டு?”

“ஒண்ணுதான் சார். இந்த அல்சைமர் இருக்கே, அது கண்டபடி எடுத்துட்டுப் போறதில்ல. ஒரு வரிசை வெச்சிருக்கு. குழந்தை ஒவ்வொண்ணாக் கத்துக்குது பாருங்க, அதுல கடைசியாக் கத்துக்கிட்டது முதல்ல போகும். வரவு செலவு பாக்கறது, பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டு வர்றது, இதெல்லாம் முதல்ல. அப்புறம் சமையல். அப்புறம் எந்த விசேஷத்துக்கு எந்தச் சேலைன்னு தெரியாது, கொஞ்ச நாள்ல கட்டவே தெரியாது. குளிக்கறது, பாத்ரூம் போறது, பேச்சு, நடை. கடைசில...” டாக்டர் சாந்தாமணியைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். “இதுல ஏதாவது ஒண்ணை நாங்க மூளையில பற்று போட்டு வெச்சிடலாம். அந்த வேலை மட்டும் கடைசி வரைக்கும் அவங்களை விட்டுப் போகாது.”

சென்னியப்பன் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திர பாஷை என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார். “கழண்டு விழற பார்ட்டுல ஒண்ணை வெல்டு வெச்சு நிறுத்தற மாதிரிங்களா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“மத்த பார்ட்டெல்லாம்?”

“அது பாட்டுக்குப் போகும். உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்சம் வேகமாவே போகும். உங்க பக்கம் ஒருத்தர் ஆயிரம் அடிக்கு போர் போட்டா அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் வத்திப் போகுதில்லையா? பற்று போட்ட வேலைக்கு ஒட்டினாப்புல இருக்கிற வேலைகள் முதல்ல வறண்டு போகலாம். ஒரு தடவை போட்டா எடுக்க முடியாது. இன்னொண்ணும் போட முடியாது. அதனால யோசிச்சுச் சொல்லுங்க. நிறையப் பேர் பாத்ரூம் போறதைக் கேக்கறாங்க. சிலர், தன் கையாலயே சாப்பிடணும்னு கேக்கறாங்க.” டாக்டர் நாற்காலியைச் சாந்தாமணியின் பக்கம் திருப்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு எது வேணும்?”

சாந்தாமணி கணவரைப் பார்த்தாள். “மாமாவையே கேளுங்க. அவங்க சொன்னாச் சரிங்க.”

வீட்டுக்கு என்ன வர்ணம் அடிப்பது, மகள் தாரணியை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, தன் கர்ப்பப்பையை எப்போது எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அவள் சொல்லிவந்த பதில்தான் இது. சென்னியப்பனும் எப்போதும் போல யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை.

“சமையலுங்க” என்றார்.

“சார், சமைக்கிற மெஷின் இப்ப எல்லார் வீட்டுலயும் இருக்கு. வேற ஏதாவது...”

“மெஷின் ஆக்குன சோத்த மனுசன் திம்பானுங்களா? அதுக்குச் சொல்லலீங்க டாக்டரம்மா. அடுப்படிதானுங்க அவளுக்கு எல்லாம். அதையும் புடுங்கிட்டா அப்புறம் அவளுன்னு ஒருத்தி இருக்க மாட்டாளுங்க.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. மனைவியின் மேல் அவருக்கு உயிர்தான். ஆனால் அந்தப் பாசத்தின் நடுவில் அவருடைய வயிறு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது என்பதும் உண்மை. அது அப்போது அவருக்கே தெரியாது.

பற்று போட மூன்று வாரம் பிடித்தது. அதற்கென்று ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். அடுப்பு, அம்மி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் இருந்தன. தலையில் வலை போன்ற ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு சாந்தாமணி தினமும் சமைத்தாள். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் சாதம், கொள்ளு ரசம், தட்டப்பயிறுக் குழம்பு, சந்தவை என்று அவள் கை என்னென்ன அறியுமோ அத்தனையும் பதிவானது. யாருக்கும் சமைக்காத சமையல் சமையலாகாது என்பதால், வழக்கம்போலச் சாப்பிடச் சொல்லி சென்னியப்பனையும் மேஜையில் உட்கார வைத்தார்கள். அவர் சாப்பிட்டார். அவள் கரண்டியோடு பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த ரெஜினா என்ற பெண் முதல் நாளே கேட்டாள். “சார், அம்மாவும் கூட உக்காந்து சாப்பிடட்டுமே. அதையும் சேத்தே பதிஞ்சுக்கலாம்.”

“அதெல்லாம் வேண்டாம் கண்ணு. அவ அப்புறம் சாப்பிட்டுக்குவா” என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் கை கழுவப் போனார். ரெஜினாவும் பதிவை நிறுத்திவிட்டாள்.

எல்லாம் டாக்டர் சொன்ன வரிசையில்தான் நடந்தது. முதலில் வழி போயிற்று. கடைவீதிக்குக் கிளம்பிய சாந்தாமணி, டிரைவரில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஊரையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். முன்னேயென்றால் ஒரு கண்டக்டராவது ‘எங்கம்மா எறங்கோணும்?’ என்று கேட்டிருப்பார். பஸ்ஸுக்கு அந்த அக்கறை இல்லை. சாயங்காலம் சென்னியப்பன் அவளைக் கண்டுபிடித்தபோது ஜன்னலோரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது சேலை. கல்யாணத்துக்குப் போக நைந்த நூல் சேலையை எடுத்தாள். பிறகு உள்பாவாடையைச் சேலைக்கு மேலே கட்டினாள். பிறகு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன சமாச்சாரம் என்பது போல நின்றாள். சென்னியப்பன் கொசுவம் வைக்கக் கற்றுக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் மேலே பட்டால் அலறினாள். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடக் கற்றுக்கொண்டார். பாத்ரூம் போகத் தெரியாமல் போன பிறகு அதற்கும் பழகிக்கொண்டார். மில்லில் எண்ணெய்க் கறை பட்டால் நாலு தரம் கை கழுவிய மனிதர் அவர். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் விடிந்ததும் அடுப்படிக்குள் போய்விட்டால் அவள் பழைய சாந்தாமணி. உலை வைப்பதும், பருப்பைக் கடைவதும், கடுகு வெடித்த மறுநொடி கறிவேப்பிலையைப் போடுவதும் துளி பிசகாது. உறவுக்காரர்கள் விரலைச் சப்பிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, “இவளுக்கா சீக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காலையில் நடக்கப் போகும் இடத்தில் சென்னியப்பன் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். “நான் எடுத்த முடிவு, பாருங்க” என்று ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அவருக்கு நடந்த மாதிரியே இருக்காது.

ஒரு நாள் ரவிக்கை மாட்டிவிடும்போது அது தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. ஊக்கை இறுக்கிப் போட்டார். அப்போதும் நழுவியது. அப்போதுதான் அவள் கழுத்தெலும்பைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். மணிக்கட்டைத் தொட்டார். தினமும் ஒரு ஆள் சோறு சட்டியில் மிஞ்சுவதும், சாயங்காலம் அதைத் தான் எடுத்து நாய்க்கு வைப்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது. தாராளமாக ஆக்கிப் பழகிய கை, அதனால் மிஞ்சுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

“பதிவு முழுக்கப் பாத்துட்டேன் சார்” என்று டாக்டர் மிருதுளா வீடியோவில் சொன்னார். “அந்த மூணு வாரப் பதிவுல அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடல. ஆக்கறது இருக்கு, பரிமாறறது இருக்கு, நீங்க முடிக்கிற வரைக்கும் நிக்கறது இருக்கு, உங்க தட்டை எடுக்கறது இருக்கு. சாப்பிடறது எங்கயும் இல்ல. அதனால அது பற்றுக்கு வெளிய நின்னுபோச்சு. சமையலுக்கு ஒட்டின வேலைங்கறதால, அதோட முறை வர்றதுக்கு முன்னாலயே வறண்டும் போச்சு.”

“பசிக்காதுங்களா அவளுக்கு?”

“பசிக்கும். அதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியாது.”

“ஊட்டி விடறனுங்க. குழந்தைக்கு ஊட்டற மாதிரி.”

“முயற்சி பண்ணுங்க” என்றார் டாக்டர். அதில் அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார். தட்டில் சோறும் எதிரில் கணவரும் இருந்தால் உட்காரக் கூடாது என்றுதான் அவளுக்குத் தெரியும். எழுந்து நின்று கரண்டியைத் தேடினாள். தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்து வாயில் ஒரு கவளத்தை வைத்தார். அது கன்னத்தில் அப்படியே இருந்தது. மென்று விழுங்கவில்லை. தான் சாப்பிடாமல் பட்டினி கிடந்து பார்த்தார். அவர் தட்டு காலியாகாததால் அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருந்தாள். கால் வீங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே அள்ளிப் போட்டுக்கொண்டார்.

பெங்களூரிலிருந்த தாரணிக்குப் போன் போட்டார்.

“அம்முணி, உங்கம்மா எப்படிச் சாப்பிடுவா?”

“என்னப்பா கேள்வி இது?”

“நெசமாத்தான் கேக்கறேன். மேஜையிலயா, கீழ உக்காந்தா? வட்டல்ல போட்டா, சட்டியிலயேவா? மொதல்ல ரசமா கொழம்பா? அதே மாதிரி வெச்சுக் குடுத்தா ஒருவேளை சாப்புடுவாளோ என்னமோ.”

“நான் பாத்ததில்லப்பா” என்றாள் தாரணி. “நான் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நின்னுட்டே இருப்பாங்க. வந்து கேட்டா, ஆச்சு சாமி, அப்பவே ஆச்சுன்னுவாங்க. நீங்க பாத்ததில்லையா?”

நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒரே வீட்டில் இருந்தவர். அவள் தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று சொல்வார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று சொல்வார். அவள் வாயில் சோறு போவதை மட்டும் அவர் கண்ணால் கண்டதில்லை. போனை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். விடிந்ததும் அவள் சமைக்க எழுந்தாள். குழாய் கட்டிலில் மாட்டி இழுத்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு வார்டில் அடுப்பைத் தேடி நடந்தாள். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். கையைக் கட்டி வைக்கட்டுமா என்று கேட்டார்கள். சென்னியப்பன் வேண்டாமென்று சொல்லி வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியனுப்பினார். அதற்குள் பேச்சும் போய்விட்டது. மாமா என்றுகூடக் கூப்பிடுவதில்லை.

வீடு நிறையச் சோறு இருந்தது. தினமும் புதிதாக, ஆவி பறக்க, அவளே ஆக்கியது. அதன் நடுவில் அவள் காய்ந்துகொண்டிருந்தாள். சென்னியப்பனுக்குச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் சாப்பிட்டு முடித்தால்தான் அவள் உட்காருவாள். அதனால் கடமைக்கு விழுங்கினார்.

அன்று மத்தியானமும் அப்படித்தான். அரிசியும் பருப்பும் வைத்திருந்தாள். எலும்பும் தோலுமாகப் பக்கத்தில் நின்றாள். அவருக்கு யார் மேல் என்றே தெரியாமல் ஆத்திரம் பொங்கியது. தட்டைத் தள்ளினார். “என்னத்த ஆக்கியிருக்கறே? உப்புமில்ல ஒரு மண்ணுமில்ல!” என்று கத்திவிட்டார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கத்துவதற்கு வேறு வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். இந்த வார்த்தை அவர் வாய்க்கு ரொம்பப் பழக்கமானது.

சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்கு விரைந்தாள். சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள். இடது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். கையை வாய்க்குக் கொண்டுபோய் நக்கினாள். மென்றாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைச் சென்னியப்பன் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

“இன்னும் பத்தல சாந்தா” என்றார். அவள் இன்னொரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். விழுங்கினாள். “காரமும் தூக்கலா இருக்குது பாரு.” இன்னொரு வாய். அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் ஒரு கிண்ணம் சோறு போயிற்று.

“பதிவுல இருக்கு சார்!” சென்னியப்பன் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் மிருதுளா வீடியோவில் கூவிவிட்டார். “நீங்க உப்புப் பத்தல, புளி தூக்கல்னு சொல்றப்பெல்லாம் அவங்க உள்ளங்கையில விட்டுப் பாத்திருக்காங்க. நிறையத் தடவை இருக்கு. நான்தான் அதைச் சாப்பாடா நினைக்கல. அதையே பிடிச்சுக்குங்க சார். சாதத்தை நல்லாக் குழைய விடுங்க, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. பொழைச்சுக்குவாங்க.”

சென்னியப்பன் தயங்கினார். “ஒண்ணு கேக்கலாமுங்களா டாக்டரம்மா? நல்லாருக்குதுன்னு சொன்னா சாப்புட மாட்டாளுங்களா? அவ மொகம் அப்படிச் சுண்டிப் போகுதுங்க. புதுசாக் கட்டிக்கிட்டு வந்தப்ப எங்கம்மாவும் நானும் பேசறதக் கேட்டுட்டு நிப்பாளே, அதே மொகமுங்க. வேற மாதிரி சொல்லிப் பாக்கறனே.”

“சொல்லிப் பாருங்க. நானும் பதிவுல தேடறேன்.”

சொல்லிப் பார்த்தார். “அருமையா இருக்குது சாந்தா. உன்ர கைக்கு ஈடில்ல.” முதல் தரம் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. நாலு தரம் சொன்ன பிறகு நாக்கு பழகிவிட்டது. மனசாரத்தான் சொன்னார். சாந்தாமணி கரண்டியோடு அசையாமல் நின்றாள். அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளிடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். “தேடினேன் சார். அந்த மூணு வாரத்துல நல்லாருக்குன்னு ஒரு சொல் இல்ல” என்றார்.

ஆகவே அவர் குறை சொன்னார். காலையில் குறை சொன்னார், மத்தியானம் குறை சொன்னார், பொழுது சாய்ந்ததும் குறை சொன்னார். மெதுவாகச் சொன்னால் அவள் காதில் வாங்கவில்லை. பழைய கடுப்போடு, பழைய சத்தத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குறைக்கு ஒரு வாய். அவள் கன்னம் கொஞ்சம் பூசியது. ரவிக்கை தோளில் நின்றது. பார்க்க வந்த தாரணி, அப்பா அம்மாவைத் திட்டுவதையும் அம்மா பதறிப் பதறி விழுங்குவதையும் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

உடம்பில் தெம்பு ஏறியதும், ஒரு நாள், உள்ளங்கையை நக்கிவிட்டு சாந்தாமணி வாயைத் திறந்தாள். மற்ற பேச்செல்லாம் போன பிறகும், அடுப்படியைச் சேர்ந்தது என்பதால் இந்த ஒரு வாக்கியம் பற்றுக்குள் தங்கியிருக்கிறது.

“நாளைக்குச் சரியா வெச்சுப்போடறனுங்க மாமா” என்றாள்.

சென்னியப்பன் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சாப்பிட்டது பாதி வயிறுகூட இருக்காது. சட்டியில் இன்னும் நிறையச் சோறு இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

“இதுலயும் உப்பு பத்தல” என்றார்.